ரோஸ் பபிள் டிப் அனிமோனை வெட்டிப் பெருக்கலாமா?

உப்புக்குடம் கேட்டது:

மூணடி கடல்மீன் டேங்க், 200 லிட்டர், சம்ப் (ஃபில்டர் வைக்கிற துணைத் தொட்டி) தனி. ஓட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம். ரோஸ் பபிள் டிப் அனிமோன் (பாறையில ஒட்டி வாழுற மெத்து உடம்புக் கடல் விலங்கு) ஒண்ணு எட்டு மாசமா இருக்கு. முழுசா விரிஞ்சா 13 செ.மீ. வரும். ரெண்டு ஆசெல்லாரிஸ் கிளவுன் மீன் அதுலதான் குடியிருக்கு. உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம், ஆல்கலினிட்டி 8.3 dKH.

இதை வெட்டி ரெண்டாக்கணும். கத்திரிக்கோல் போதுமா, பிளேடா? பாறையில இருந்து எப்படிக் கழட்டுறது? ஒரே தடவையில நாலு துண்டு போடலாமா? நண்பர்கிட்ட கார்ப்பெட் அனிமோன்னு வேற வகை இருக்கு, அதையும் இப்படி வெட்டலாமான்னு கேக்குறார்.

பவளத்திட்டு:

முதல்ல நண்பருக்குப் பதில்: கார்ப்பெட்டைத் தொடவே வேண்டாம். மன்னார் வளைகுடாவில் செபே கிளவுன் மீன் தங்குகிற ஹாடோனி என்ற கார்ப்பெட் இனமும் இதில் அடக்கம். வெட்டினால் பெரும்பாலும் அழுகிப்போகும், அழுகும்போது டேங்கையும் சேர்த்துக் கெடுக்கும். வீட்டில் நம்பி வெட்டக்கூடியது பபிள் டிப் ஒன்றுதான். இது கடலிலேயே தானாகப் பிளந்து பெருகும் இனம், காயத்தை மூடிக்கொள்ளத் தெரிந்தது.

உங்கள் அளவுகள் சரி. ஆனால் அளவை விட விலங்கின் நிலைதான் முக்கியம். வாய் இறுக மூடியிருக்கணும், விரலை வைத்தால் அதன் உணர்கொம்பு விரலில் ஒட்டணும், இரண்டு மாதமாக இடம் மாறாமல் இருக்கணும். இதில் ஒன்று இல்லையென்றாலும் இப்போது வெட்டாதீர்கள். வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். வயிற்றில் இறால் இருக்கும்போது வெட்டினால் அது காயத்துக்குள்ளேயே அழுகும்.

கழட்டுவது: பாறை சின்னதென்றால் பாறையோடு வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் ஜிப் கவரில் ஐஸ் கட்டி போட்டுப் பாதத்தின் (பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பகுதி) ஓரத்தில் வையுங்கள். குளிர் பட்டதும் பாதம் சுருங்கும், அந்த இடைவெளியில் பெருவிரல் நகத்தை நுழைத்துச் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள். அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பிய்த்து இழுத்துப் பாதத்தில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, அது ஆறும்வரை காத்திருக்கணும்.

வெட்டுவது: கத்திரிக்கோல் வேண்டாம், அது சதையை நசுக்கும். நசுங்கிய ஓரத்தில்தான் அழுகல் தொடங்கும். பிரிக்காத புது பிளேடு எடுத்து, மேலே எண்ணெய்ப் பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் காய்வெட்டுப் பலகையை டேங்க் தண்ணீரில் நனைத்து, அனிமோனைப் பாதம் மேலே வரும்படி கவிழ்த்து வையுங்கள். உள்ளே இருக்கிற தண்ணீரைக் கக்கி எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாதத்தின் நடுவிலிருந்து வாயின் நடு வழியாக ஒரே அழுத்தில் கீழே இறக்குங்கள். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. இரண்டு பாதியிலும் பாதம் பாதி, வாய் பாதி இருக்கணும். வாய் வராத துண்டு பெரும்பாலும் பிழைக்காது.

நாலு துண்டு ஆசை வேண்டாம். 13 செ.மீ. உடம்பை நாலாக்கினால் காயத்தின் நீளம் இரண்டு மடங்காகும், ஒவ்வொரு துண்டிலும் இருப்புச் சதை பாதியாகக் குறையும்.

வெட்டிய பிறகு: தயிர் டப்பா மாதிரி இரண்டு பிளாஸ்டிக் டப்பாவில் சூட்டுக்கோலால் நிறைய ஓட்டை போட்டு, அடியில் லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் டேங்க் பாறை) சில்லுகளைப் பரப்பி, மேலே வலை கட்டி டேங்குக்குள்ளேயே தொங்கவிடுங்கள். செப்புக் கம்பியால் கட்டிவிடாதீர்கள்! டப்பாவுக்குப் பாதி வெளிச்சம் போதும். நீரோட்டம் மெதுவாக இருக்கணும், ஆனால் நின்றுவிடக் கூடாது. வழியும் கோழை அங்கேயே தேங்கினால் பாக்டீரியா பெருகும். அரைத் துண்டு தானாகச் சுருண்டு, வெட்டிய ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி வட்டமாகும். கிளவுன்களை இரண்டு வாரம் அண்டவிடாதீர்கள். பாசத்தில் போய் உரசியே காயத்தைப் பிளந்துவிடும்.

ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) அன்றைக்குப் பொங்கி வழியும், கோப்பையைக் காலி செய்துகொண்டே இருங்கள். ஒரு டம்ளர் ஆக்டிவேட்டட் கார்பனைக் கழுவிப் பையில் போட்டு சம்பில் வையுங்கள். மறுநாள் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். வாய் முழுதாக மூடும்வரை தீனி இல்லை, அதற்கு வழக்கமாக 7 முதல் 10 நாள். பிறகு ஒரேயொரு மைசிஸ் என்கிற குட்டி இறாலில் தொடங்குங்கள்.

அலையாத்தி:

மேலே சொன்ன முறையில் குறை இல்லை. ஆனால் கேள்வியிலேயே எனக்கு ஒரு முரண் தெரிகிறது. தானாகப் பிளக்கத் தெரிந்த விலங்கை ஏன் வெட்டணும்?

வாரம் இரண்டு முறை சுண்டுவிரல் நகம் அளவு இறால் துண்டு கொடுத்து, நல்ல வெளிச்சத்தில் மூன்று நாலு மாதம் விடுங்கள். அதன் பிறகு ஒரே நாளில் 80 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டுகிற, ஆர்ஓ டிஐ ஃபில்டரில் சுத்தம் செய்த தண்ணீர், ஏறத்தாழ 2.9 கிலோ உப்பு, 24 மணி நேரம் பம்ப் வைத்துக் கலக்கி, வெப்பமும் உப்பும் டேங்கோடு ஒத்துப்போகும்படி. பல பபிள் டிப்கள் இதற்குப் பிறகு பிளக்கும். வாய் நீள்வட்டமாக இழுபடும், பாதம் இரண்டு திசைக்கு நகரும், நடுவில் சதை மெலிந்து நூலாகும். சில மணி நேரத்திலும் முடியலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அந்த நேரத்தில் டேங்குக்குள் கையை விடாதீர்கள்.

உப்பைக் குறைத்தும் சூட்டை ஏற்றியும் பிளக்க வைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சாகப்போகிற பயத்தில் பிளப்பது. துண்டுகள் மெலிந்தே வரும்.

இன்னொன்று: இந்த இனத்தில் இரண்டு வகை உண்டு. ஆழமில்லாத இடத்தில் சின்னதாகக் கூட்டம் கூட்டமாக வாழ்வது அடிக்கடி பிளக்கும். ஆழத்தில் தனியாகப் பெரிதாக வளர்வது எளிதில் பிளக்காது. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை அது நடந்துகொள்வதை வைத்துத்தான் சொல்ல முடியும். வெட்டினாலும் பிளந்தாலும் வருவதெல்லாம் ஒரே உடம்பின் நகல், ஆணா பெண்ணா என்பதும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பத்து நகல் வைத்திருந்தாலும் முட்டையும் விந்தும் சேர்ந்து குஞ்சு வராது.

எந்த வழியில் போனாலும் வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் தரும் விசிறி பம்ப்) நுரைப்பஞ்சு உறை போட்டுவிடுங்கள். துண்டுகள் இடம் தேடி ஊரும். விசிறியில் சிக்கினால் கீமாதான்.

உப்புக்குடம்:

வெட்டியாச்சு, இன்னைக்கு மூணாம் நாள். ஒரு பாதி பாறைச்சில்லைப் பிடிச்சுக்கிட்டு லேசா விரியுது. இன்னொண்ணு படுத்தே கிடக்கு, வாய் திறந்திருக்கு, வெட்டின ஓரத்துல வெள்ளையா சேமியா மாதிரி இழை தொங்குது. தூக்கிப் போட்டுடவா?

பவளத்திட்டு:

அவசரப்படாதீர்கள். அந்தச் சேமியா அதன் குடல் இழை. மூன்றாம் நாளில் வெளியே தொங்குவது உண்டு, ஓரம் ஒட்டும்போது உள்ளே போய்விடும். வெட்டிவிடவோ பிடுங்கவோ வேண்டாம்.

பிழைக்குமா என்பதற்கு இரண்டு சோதனை. பிப்பெட்டில் துண்டுக்குப் பக்கத்துத் தண்ணீரை உறிஞ்சி முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை என்றால் சரி, அழுகின முட்டை நாற்றம் என்றால் முடிந்தது. பிறகு பாதத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். இறுகிச் சுருங்கினால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் கூழ் மாதிரி கையோடு வந்தால் அந்த நிமிடமே டப்பாவோடு வெளியே எடுத்து, கார்பன் மாற்றி, 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். இரவு முழுக்க விட்டுவைத்தால் அம்மோனியா ஏறி மற்ற பாதியும் போகும்.

அலையாத்தி:

நாற்றம் இல்லை, ஆனால் நாளை மறுநாளும் வாய் மூடவில்லையென்றால் தனி வாளிக்கு மாற்றலாம். 20 லிட்டர் டேங்க் தண்ணீர், ஹீட்டர், காற்றுக்கல். சிப்ரோஃப்ளாக்சசின் வழக்கமாக 40 லிட்டருக்கு 250 மி.கி., அதாவது உங்கள் வாளிக்கு 250 மாத்திரையில் பாதி. வெளிச்சம் பட்டால் மருந்து சிதையும் என்பதால் இரவில், விளக்கை அணைத்தபின் போடணும். தினமும் முழுத் தண்ணீரும் மாற்றி மறுபடி மருந்து, ஏழு நாள். மெயின் டேங்கில் ஒரு துளிகூட வேண்டாம், ஃபில்டர் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். மின்வெட்டு உள்ள ஊர் என்றால் வாளிக்கு பேட்டரி ஏர்பம்ப் வையுங்கள்.