ஆணுறுப்பு வளையம்: எந்த அளவு, எந்தப் பொருள்?

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

விறைப்பு நீடிக்க அணியும் வளையம் ஒன்றை முதல்முறையாக வாங்கினேன். அளவு பார்க்காமல் வாங்கியது என் தப்பு. பத்தே நிமிடத்தில் தோல் நீலம் பாரித்து, நுனி சில்லிட்டுவிட்டது. நல்லவேளை, சிலிக்கான் என்பதால் சோப்பு நுரை தடவி இழுத்துக் கழற்றினேன். உலோகமாக இருந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது நூல் சுற்றி அளந்துவிட்டேன். விறைப்பின்போது அடிப்பகுதிச் சுற்றளவு 13 செ.மீ. அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 41 மி.மீ. சரி, இழுபடும் சிலிக்கானுக்கு இதைவிட எவ்வளவு குறைத்து வாங்கலாம்? விதைப்பையையும் சேர்த்து மாட்டும் வகைக்கு அப்படியே தனியாகச் சுற்றி அளந்தால் போதுமா?

எஃகு வளையம் எனக்குச் சரிவராது என்றே நினைக்கிறேன். நிக்கல் பட்டால் அரிக்கும், கைக்கடிகாரப் பட்டையே ஆகாது. பொத்தான் வைத்துத் திறக்கும் வகை எப்படி? மயிரில் சிக்குமா?

20, 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்பது தெரியும். அப்புறம், சிலிக்கானுக்கு நீர் சார்ந்த வழவழப்பு ஜெல்தான் வைத்திருக்கிறேன். பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், தனிச்செய்தியிலும் சரி.