கேட் (கணினியில் பொருள்களை வரைந்து வடிவமைக்கும்) மென்பொருள்களோடு உங்களுக்கு நேர்ந்த, இன்னும் உறுத்துகிற ஓர் அனுபவம்

இறுதியாண்டு மெக்கானிக்கல் எழுதியது:

எது சிறந்த மென்பொருள் என்ற பழைய வழக்கைத் தொடங்க நான் வரவில்லை. ஒரு துளையின் விட்டத்தை மாற்ற முடியாமல் நின்றது மனத்தை விட்டுப் போக மறுப்பதால் எழுதுகிறேன். புராஜெக்ட்டுக்கான பம்ப் உறையை என் மடிக்கணினியில் சாலிட்வொர்க்ஸின் புதிய பதிப்பில் வரைந்திருந்தேன். ஆய்வகத்தில் இருந்ததோ நான்கு பதிப்புகள் பழையது. புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது என்பது தெரிந்ததுதான். ஆகவே முதல் நாள் இரவே, எந்த கேட் மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவமான ஸ்டெப் கோப்பாக மாற்றி எடுத்துச் சென்றேன், அதுவும் ஒரு குறையுமின்றித் திறந்தது. புறத்தேர்வாளர் உறையை இரண்டு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஆறு போல்ட் துளைகளையும் 8 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆக்கிக் காட்டுங்கள்" என்றார். வரைந்த ஒவ்வொரு படியும் (ஃபீச்சர்) வரிசையாக நிற்கும் இடப்பக்கத்து ஃபீச்சர் ட்ரீயைப் பார்த்தேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் "இம்போர்ட்டட்" என்ற ஒற்றை வரி மட்டும் நின்றது. அடிப்படைக் கோட்டுவரைவான ஸ்கெட்ச் இல்லை, அளவுகள் இல்லை, இரட்டைச் சொடுக்குப் போட ஒன்றுமே இல்லை. "இது நீங்களே வரைந்ததுதானா?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டூல் டிசைனர் 22 ஆண்டுகள் எழுதியது:

தம்பி, பழியை ஸ்டெப் கோப்பின் மேல் போடாதீர்கள். ஐஎஸ்ஓ 10303 என்ற அந்தத் தரம் வடிவத்தைக் கடத்துவதற்காக வந்தது. நீங்கள் எந்த வரிசையில் யோசித்து வரைந்தீர்கள் என்பதை அது சுமந்து வரும் என்று எதிர்பார்ப்பது, வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அச்சைத் தேடுவதைப் போன்றது. அந்தத் துளையின் சுவரைத் தேர்ந்தெடுத்து, "மூவ் ஃபேஸ்" கட்டளையில் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக ஆஃப்செட் கொடுத்திருந்தால் விட்டம் 10 ஆகியிருக்கும். சாலிட் எட்ஜ் என்ற மென்பொருள் 2008இல் சிங்க்ரனஸ் டெக்னாலஜியைக் கொண்டுவந்ததே இப்படி வரலாறு இல்லாத மாடலை நேரடியாகப் பிடித்து இழுப்பதற்காகத்தான்.

என் கதை சிறியது. ப்ரோ இன்ஜினியர் என்ற மென்பொருள் க்ரியோ ஆவதற்கு முன்பு, ஒரு டையின் (அச்சின்) நீளத்தை 2 மில்லிமீட்டர் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன், அதற்குக் கீழே இருந்த ஃபீச்சர்கள் பிழை காட்டி அடுக்கடுக்காகச் சிவந்தன. இரவு பதினொன்று வரை அமர்ந்து சரிசெய்தேன்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன், மாணவர்களுக்கு உதவும். ஸ்கெட்ச்சை ஃபில்லட்டின் (வளைத்து மழுக்கிய மூலையின்) விளிம்பில் ஒருபோதும் கட்டாதீர்கள்; ஃபில்லட் போனால் அதுவும் போய்விடும். டேட்டம் தளங்களை, அதாவது அளவெடுக்க ஆதாரமாகும் கற்பனைத் தளங்களை, முதலில் வைத்து, அவற்றிலிருந்தே அளவு கொடுங்கள். ஃபில்லட், சாம்ஃபர் (சரிவாகச் சீவிய விளிம்பு) எல்லாவற்றையும் ட்ரீயின் கடைசியில் தள்ளுங்கள். முக்கியமான ஃபீச்சர்களுக்குப் பெயர் வையுங்கள். மென்பொருள் தானாக இடும் "கட்-எக்ஸ்ட்ரூட் 37" என்றால் என்னவென்று மறுவாரம் உங்களுக்கே தெரியாது. சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ் என்ற மென்பொருள்கள் மூன்றுமே பாராசாலிட் கெர்னலில் (வடிவத்தைக் கணக்கிடும் உள்நிரலில்) ஓடுவதால், அவற்றுக்கிடையே கொண்டுசெல்லும்போது ஸ்டெப்பைவிடப் பாராசாலிட் கோப்பே நல்லது, வடிவத்தை மொழிபெயர்க்கும் வேலையே அங்கு இல்லை. பதிப்பு வேறுபாட்டை மாணவர் சிக்கல் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் மின்கம்பிகள் 2006இல் பொருந்தாமல் போனதற்கு, ஒரு நாட்டுக் குழு கேட்டியா மென்பொருளின் வி4 பதிப்பிலும் மற்றொன்று வி5இலும் வரைந்ததும் ஒரு காரணம்.

கட்டற்றவன் எழுதியது:

மேலே எழுதிய ஐயா சொன்னவை சரியானவையே, ஆனால் அத்தனை பத்தியிலும் உரிமக் கட்டணம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஃபியூஷன் என்ற கேட் மென்பொருளின் இலவசத் தனிநபர் உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்களைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்க முடியும். உலாவியில் ஓடும் ஆன்ஷேப்பின் இலவசத் திட்டத்திலோ நாம் வரைவது ஊருக்கே தெரியும். எனவே நான் கட்டணமில்லாத, கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் பக்கம் வந்தேன்.

என்னை உறுத்துவது இது: ஒரு மின்பெட்டியின் மேல்முகத்தில் நான்கு திருகுத் துளைகள் போட்டுவிட்டு, பின்னால் திரும்பிப் போய் பெட்டியின் மூலையில் ஒரு சிறு வெட்டைச் சேர்த்தேன். மாடல் மீண்டும் கணக்கிடப்பட்டதும் நான்கு துளைகளும் பக்கச் சுவரில் வரிசையாக நின்றன. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. முகங்களுக்கு ஃப்ரீகேட் இட்டிருந்த எண்கள் மாறியதால், ஆறாம் முகம் என்று ஸ்கெட்ச் நம்பியிருந்த பெயர் இப்போது வேறொரு முகத்துக்குப் போய்விட்டது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இன்றும் ஃப்ரீகேட்டைத் திட்டுகிறவர்கள் தயவுசெய்து புதியதை ஒருமுறை நிறுவிப் பாருங்கள். ஐயா சொன்ன டேட்டம் தள வழக்கத்தை அப்போதே பின்பற்றியிருந்தால் எனக்கு அது நேர்ந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முப்பரிமாண அச்சுக்காரி எழுதியது:

நீங்கள் எல்லோரும் ஃபீச்சர் ட்ரீயைப் பற்றிப் பேசுகிறீர்கள். அச்சிட எனக்கு வரும், வடிவத்தின் மேற்பரப்பை மட்டும் சொல்லும் எஸ்டிஎல் கோப்பில் மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புகூட இருப்பதில்லை, வெறும் எண்கள்தாம். 100 மில்லிமீட்டர் பிராக்கெட் ஒன்றை அங்குலத்தில் ஏற்றுமதி செய்து அனுப்பியிருந்தார்கள். அந்த எண்களை மில்லிமீட்டராகவே எடுத்துக்கொண்டு, சரிபார்க்காமல் அச்சிட்டுவிட்டேன். நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பிராக்கெட் என் சுண்டுவிரல் நகத்தின் மேல் வசதியாக உட்கார்ந்திருந்தது. அதன் துளைகளும் இருந்தன, லென்ஸ் வைத்துப் பார்த்தால்.

கேட்டியா கைப்பழக்கம் எழுதியது:

கெர்னலையும் கோப்பு வடிவத்தையும் ஒப்பிடுகிறவர்கள் கையை மறந்துவிடுகிறார்கள். ஆறு ஆண்டுகள் கேட்டியா வி5இல் வேலை செய்தபின், என்எக்ஸ் பயன்படுத்தும் இடத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். மூன்று பேர் பின்னால் நின்றிருந்தார்கள். மாடலை நகர்த்துவதற்காகச் சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்தி இழுத்தேன், அது சுழன்றது. சுழற்றுவதற்காக நடுப்பொத்தானோடு வலப்பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன், அது திரையின் ஓரத்துக்கு நகர்ந்து பாதி மறைந்தது. இரண்டு மென்பொருள்களிலும் அந்த இரு செயல்களும் அப்படியே இடம் மாறியிருக்கின்றன. தெரிந்த பிறகும் விரல்கள் கேட்கவில்லை. "என்எக்ஸ் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டபோது, இரண்டு மாதம் படித்தேன் என்ற உண்மைகூடப் பொய்யைப் போல ஒலித்தது.

டூல் டிசைனர் 22 ஆண்டுகள் எழுதியது:

சுட்டிப் பழக்கம் இரண்டு வாரத்தில் மாறிவிடும் நண்பரே, அதை மென்பொருள் ஒப்பீட்டில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். கட்டணத்தைப் பற்றி நான் எழுதவில்லை என்பது உண்மை. என் உரிமத்துக்கு நிறுவனம் பணம் கட்டுகிறது, அதனால் தோன்றவில்லை.

இறுதியாண்டு மெக்கானிக்கல் எழுதியது:

ஐயா, நேற்றிரவு அதே ஸ்டெப் கோப்பைத் திறந்து நீங்கள் சொன்னபடி மூவ் ஃபேஸ் செய்து பார்த்தேன். துளையின் சுவரைத் தொட்டு 1 மில்லிமீட்டர் கொடுத்தவுடன் விட்டம் 10 ஆகிவிட்டது. சில நொடிகள்தாம் ஆயின. ஆனால் வட்டத்தில் இருந்த ஆறு துளைகளில் அந்த ஒன்று மட்டுமே பெரிதாகியிருந்தது. ஆறையும் ஒன்றாகப் பிணைக்கும் பேட்டர்ன் என்ற உறவு கோப்பில் இல்லாததால் மற்ற ஐந்தும் 8ஆகவே நின்றன, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட வேண்டியிருந்தது. நான்காவது துளையில் சுவருக்குப் பதிலாக உறையின் வெளிமுகத்தைத் தொட்டுவிட்டேன்.