தலவாக்கலையில வீட்டுக்குப் பின்னால சின்ன கிரீன் ஹவுஸ் போடலாமா?

தலவாக்கலை_கன்று:
எல்லாருக்கும் வணக்கம். எங்க லயத்துக்குப் பின்னால 10 அடிக்கு 20 அடி இடம் இருக்கு, தொரைகிட்டயும் கேட்டாச்சு, நிரந்தரமா ஒன்னும் கட்டாம போட்டுக்கங்கன்னு சொல்லிட்டார். அம்மா கோவாவும் லீக்ஸும் நல்லா செய்வாங்க, எனக்கு தக்காளியும் பெல் பெப்பரும் போட ரொம்ப ஆசை, ஆனா மே மாசம் மழை புடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாதே, வெளியில வெச்ச தக்காளியெல்லாம் இலை கறுத்து தண்டோட அழுகிப் போகுது. மூங்கில்ல கட்டினா போதுமா, இல்ல ஜீஐ பைப் வேணுமா? எந்த பொலித்தீன் வாங்குறது? குளிருக்கு நாலு பக்கமும் மூடிரவா?

பண்டாரவளை_தோட்டம்:
தம்பி, மூடவே மூடாதீங்க, முதல்ல இத சொல்லிடறேன். நம்ம மலையில கிரீன் ஹவுஸ் போடறது சூட்டுக்கு இல்ல, மழையத் தடுக்கத்தான். நீங்க சொல்ற கறுப்பு லேட் பிளைட்ங்கிற கருகல் நோய் மாதிரி தெரியுது, அது குளிரும் ஈரமும் சேர்ந்து இலை மணிக்கணக்கா நனைஞ்சு நின்னா காட்டுத்தீ மாதிரி பரவும். நாலு பக்கமும் மூடினா செடி விடற ஈரமே பொலித்தீன்ல வேர்த்து திரும்ப செடி மேலயே சொட்டும், அப்புறம் வெளியில வெச்சதுக்கும் உள்ள வெச்சதுக்கும் என்ன வித்தியாசம்?

கூரைக்கு மட்டும் யூவீ போட்ட 200 மைக்ரோன் பொலித்தீன், சாதா பொலித்தீன் வெயில்ல சீக்கிரம் நொறுங்கிடும், காச அங்க மிச்சம் புடிக்காதீங்க. பக்கத்துக்கு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலை, வெள்ளை ஈ உள்ள வர்றது குறையும். நடு உயரம் 10 அடிக்குக் குறையாம வெச்சு உச்சியில ஒரு அடி திறப்பு விடுங்க, மேல் கூரை கீழ்க் கூரை மேல ஏறி நிக்கணும், திறப்பு மழை அடிக்கிற பக்கம் பார்க்கக்கூடாது. மூங்கில் தாராளமா போதும், மண்ணுக்குள்ள போற அடிதான் உக்கும், அதுக்கு மட்டும் பைப் துண்டு நட்டு மூங்கில அதுல சொருகிடுங்க. கணுவெல்லாம் சீவி பழந்துணி சுத்தினா பொலித்தீன் கிழியாது.

வெலிமடை_அக்கா:
மண்ணுல நேரா நடாதீங்க தம்பி. தக்காளி, உருளைக்கிழங்கு போட்ட மண்ணுல வாடல் பக்டீரியா இருந்தா கூரை போட்டும் பிரயோசனம் இல்ல. வாடின செடித் தண்ட வெட்டி கண்ணாடி கிளாஸ் தண்ணியில தொங்க விட்டுப் பாருங்க, வெள்ளையா நூல் மாதிரி இறங்கினா அதுதான். பையில தும்புத்தூள் போட்டு நடுங்க, ஆனா தும்புத்தூள ரெண்டு மூணு தரம் நல்லாக் கழுவி உப்ப எடுக்கணும். தும்புத்தூள்ல சத்து இல்லாததால ஆல்பர்ட் கரைசல் (தண்ணியில கரைச்சு ஊத்துற உரம்) கட்டாயம், பைக்கட்டுல உள்ள அளவுல பாதியில ஆரம்பிங்க. தண்ணி காலையில மட்டும், அடியில மட்டும்.

இன்னொன்னு, வலைக்குள்ள தேனீ வராது, காத்தும் குறைவு. பூ வந்ததும் காலை பத்து மணிக்கு மேல தக்காளிக் கொத்த லேசா தட்டி விடணும், இல்லாட்டி மகரந்தம் சேராம பூ கொட்டிடும்.

கந்தப்பளை_விவசாயி:
பண்டாரவளை அண்ணே சொன்னது சரி, ஆனா எங்க பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. ஜனவரி, பெப்ரவரியில வானம் தெளிஞ்ச ராத்திரி தூள் பனி விழும், அப்ப அந்தியில பக்கத்துக்கு பொலித்தீன் திரை இறக்கி, விடிஞ்சு வெயில் ஏறினதும் சுருட்டிடணும், மறந்தா ஈரம் உள்ளயே நிக்கும். ராத்திரி 13 பாகைக்குக் கீழ இறங்கினா தக்காளி காய் புடிக்கிறது கஷ்டம், அதனால நான் சலாது இலையும் ஸ்ட்ரோபெரியும்தான். தலவாக்கலை எங்க அளவுக்கு உயரம் இல்ல, தம்பி தைரியமா தக்காளி போடலாம்.

தலவாக்கலை_கன்று:
ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கல. கூரைத் தண்ணிய என்ன செய்யிறது? பின்னால நேரா சரிவு.

பண்டாரவளை_தோட்டம்:
நல்ல கேள்வி, இத யாரும் யோசிக்கிறதில்ல. 200 சதுர அடிக் கூரையில 25 மில்லிமீட்டர் மழை பெய்தா 450 லீட்டருக்கு மேல இறங்கும். அத சரிவுல விட்டா மண் ஊறி இறங்கிடும், லயம் பக்கத்துல இது விளையாட்டு இல்ல. பீலி போட்டு பீப்பாய்ல புடிங்க, நிறைஞ்சு வழியறத குழாயில பழைய கானுக்கு கொண்டு போங்க. சரிவ வெட்டி மட்டம் பண்ணாதீங்க. நோய் விஷயத்துக்கு 1920க்கு எடுத்தா விவசாயத் திணைக்களத்துல ஆலோசனை சொல்வாங்க.

வெலிமடை_அக்கா:
பீப்பாய்க்கு வலை மூடி போடுங்க, நுளம்பு வரும்.