பட்டை ஹேங்கர் பிராக்கெட்டை பட்டறையில் செய்யலாமா?

சங்ககிரி டிப்பர்:
ஆறு சக்கர டிப்பருங்க. பேக் பட்டையோட (பின்சக்கர லீஃப் ஸ்பிரிங்) முன்முனையை சேஸ்ல பிடிக்கிற ஹேங்கர் பிராக்கெட்டில் ஸ்பிரிங் பின் போகிற துளை முட்டை வடிவமாயிடுச்சு. பின்னும் ஒருபக்கம் தேய்ஞ்சு படி விழுந்திருக்கு. ஒரிஜினல் வர மூணு வாரமாம். 16 எம்எம் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் பிராக்கெட்டும், இஎன்8 (நடுத்தர கார்பன் ஸ்டீல்) ராடில் பின்னும் செஞ்சு மாட்டலாமா?

லேத் பட்டறை:
செய்யலாங்க. தேய்ஞ்ச துளையில அளவெடுக்காதீங்க, எதிர்ப்பக்க பிராக்கெட்ல எடுங்க. பிளேட்டை கேஸ்ல வெட்டினா ஓரம் பல்லு பல்லா நிக்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். 3 எம்எம் விட்டு வெட்டி மில்லிங்ல எடுக்கணும். பின்னைத் தாங்குற ரெண்டு காதையும் வெல்டிங் முடிஞ்சு ஆறின பிறகு ஒரே செட்டிங்ல போரிங் பண்ணணும். துளையை முதல்லயே போட்டா வெல்டு சூடு இழுத்து பின் கோணலா நிக்கும், ஆக்சிலும் திரும்பும், டயர் ஒருபக்கமா தின்னும்.

உலைக்கூடம்:
பின் செய்றதை ஒத்துக்கறேன், பிராக்கெட்டை ஒத்துக்க மாட்டேன். இவர் கேக்கறது நிலையான முனை. மறுமுனையில ஷாக்கிள் (ஆடுற இணைப்பு) பக்கம் எடையை மட்டும் தாங்கி ஆடிக்கிட்டு இருக்கும். ஆக்சில் தள்ளுற விசையும், பிரேக் பிடிக்கிறப்போ வர்ற இழுப்பும் இந்த முனை வழியாத்தான் சேஸுக்குப் போகுது. ஒரிஜினல் வார்ப்புல காதுக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல வளைவும் விலாவும் (முட்டுக் கொடுக்கிற மேடு) இருக்கும். பிளேட்ல அந்த இடத்துல வெல்டு ஓரம் வருது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்த ஓரம் முன்னும் பின்னும் வளையும், மயிரிழை விரிசல் பெயின்டுக்கு அடியிலயே வளரும்.

இஎன்8 வேண்டாம். தூசி புஷ்ல பதிஞ்சு மெத்துப் பின்னை அரம் மாதிரி அராவிடும். 20எம்என்சிஆர்5 ஸ்டீல் எடுங்க. கிரீஸ் துளையை முதல்லயே போட்டு, விட்டத்துல 0.3 எம்எம் கிரைண்டிங்குக்கு விட்டு, ஒரு எம்எம் ஆழம் கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் கடினமாக்குறது), மேல்தோல் 58 ஹெச்ஆர்சி (கடினத்தன்மை அளவு). மரையை மூடி வெச்சு உலைக்கு அனுப்பணும், மரையும் கடினமானா முறுக்கறப்பவே ஒடியும். ஜிங்க் பிளேட்டிங் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே போய், மாட்டி ரெண்டு நாள் கழிச்சுக்கூட வெடிக்கும்.

லேத் பட்டறை:
பின் விஷயம் சரிங்க. பிராக்கெட்டுக்கு எம்எஸ் வேண்டாம், அதைவிட பலமான இ410 பிளேட், 7018 வெல்டிங் ராடை உலர்த்திப் போட்டு, உள்ளே விலா வெச்சா நிக்கும்.

உலைக்கூடம்:
பிளேட் பலமானா வெல்டு ஓரத்தோட சோர்வு ஆயுள் (திரும்பத் திரும்ப வளைஞ்சும் விரிசல் விடாம தாங்குற காலம்) அதிகமாகாதுங்க. அந்த இடத்துல கிரேடுக்கு வேலையே இல்லை, வடிவத்துக்குத்தான் வேலை. பழைய வார்ப்பையே துளை வட்டமாகிற வரைக்கும் போரிங் பண்ணி, வெளிவிட்டம் துளையைவிட 0.04 எம்எம் கூடுதலா ஸ்டீல் ஸ்லீவ் (குழாய் மாதிரி உறை) பிரஸ்ல ஏத்துங்க. துளையை வெல்டு வெச்சு நிரப்பிடாதீங்க, வார்ப்பு நொறுங்கும்.

லேத் பட்டறை:
ஸ்லீவ் போட்டா காது மெலியுமே? விரிசல் இருந்தா?

உலைக்கூடம்:
அதுக்குத்தான் முதல்ல டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டுற சாயம்) அடிச்சுப் பாக்கணும். சிவப்புக் கோடு ஒண்ணு தெரிஞ்சாலும் பிராக்கெட் காயலான் கடைக்கு. பின்னைப் பூட்டுற காட்டர் போல்ட் பள்ளத்தை ஸ்லீவ்லயும் எடுக்க மறக்காதீங்க.

சங்ககிரி டிப்பர்:
பட்டையை ஆக்சிலோட கட்டுற யூ போல்ட்டைக் கழட்டாமலே வேலை முடியுமாங்க?

லேத் பட்டறை:
பட்டையை இறக்கினா கழட்டித்தான் ஆகணும், புதுசே போடுங்க. பழசு ஒருமுறை இழுபட்டது, மறுபடி பிடி நிக்காது. நாலு நட்டையும் குறுக்கா மாத்தி மாத்தி முறுக்கி, லோடு ஏத்தி ஓட்டின பிறகு 500 கிலோமீட்டர்ல திரும்ப முறுக்குங்க. லூசானா பட்டைகளை நடுவுல கோர்க்கிற சென்டர் போல்ட் வெட்டுப்படும். மாட்டின பிறகு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் பின் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை அளங்க, வித்தியாசம் 3 எம்எம் தாண்டக் கூடாது. பிராக்கெட் பத்தி என் கருத்து மாறலைங்க, ஆனா ஒரிஜினல் மூணு வாரத்துல வருதுன்னா ஸ்லீவ் போட்டே ஓட்டுங்க.