தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டல் மாகாண அரசைத் தாக்கி எழுத: எந்தக் குற்றச்சாட்டு நிற்கும், எது கவிழும்?

வெருலம்வாசி கேட்டது:

வணக்கம். நடுநிலை வேஷமெல்லாம் எனக்கு வேண்டாம். மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இப்போது ஆளும் கூட்டணிக்கு நான் எதிர்ப்பக்கம்தான். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் நடுவில் நடந்தாக வேண்டும். அதற்குள் மாகாண அரசின் யோக்கியதை பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுத உத்தேசம். கையில் இருப்பவை நான்கு:

2022 வெள்ளத்துக்குப் பின் டொங்காட் மக்களை மாதக்கணக்கில் தண்ணீருக்கு அலையவிட்டது மாகாண அரசு.

ஒரு துறையின் விதிமீறிய செலவு பில்லியன் கணக்கில் போகிறது. "ஒரே ஆண்டில் இத்தனை பில்லியன் சுருட்டல்" என்று தலைப்பு வைக்கலாம்.

சுகாதார பட்ஜெட்டை வெட்டிவிட்டு, உயர்த்திவிட்டதாகச் சொல்கிறார்கள்.

2024 தேர்தலில் 45.35% வாங்கிய எம்.கே. கட்சியை வெளியே உட்காரவைத்தது மக்கள் தீர்ப்பைத் திருடிய வேலை.

எதிராளி ஒரே பதிலில் ஊதித்தள்ளிவிடாதபடி எழுத வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

கணக்குப்பிள்ளை:

முதல் குற்றச்சாட்டை அப்படியே தூக்கிப் போடுங்கள் தம்பி. அதில் குற்றம் சாட்டும் ஆள் தவறு, காலமும் தவறு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அழிந்த டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் எத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சியுடையது. குடிநீர் விநியோகமும் சாக்கடையும் அரசியல் சாசனத்தின் 4-ஆம் அட்டவணை 'பி' பிரிவில் உள்ளாட்சிக்கு ஒதுக்கப்பட்டவை. மொத்தமாகத் தண்ணீர் விற்கும் உம்கேனி-உதுகேலா வாரியமோ மத்திய நீர்வள அமைச்சரின் கீழ் வருகிறது. மாகாணத்தின் பங்கு மேற்பார்வை, பேரிடர் ஒருங்கிணைப்பு, ரொம்ப முற்றினால் 139-ஆம் பிரிவின்படி தலையீடு, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அந்த ஏப்ரலில் பிரிமியர் (மாகாண முதல்வர்) சிஹ்லே ஸிகலாலா. ஆகஸ்டில் அவர் விலக, நொமுசா டூபே-என்கூபே வந்தார். இருவருமே ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) கட்சி. இன்றைய கூட்டணி 2024 ஜூனில்தான் பிறந்தது. இதை வைத்து எழுதினால் முதல் பதிலே உங்கள் தொடரை முடித்துவிடும்.

தண்ணீரை விடவே மனமில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள்: 139-ஐக் கையில் வைத்திருந்த மாகாணம் மாநகராட்சியிடம் எதைக் கேட்டது, எப்போது கேட்டது? அதற்குக் கடிதமும் பதிலும் காட்ட வேண்டும். கோபம் மட்டும் போதாது.

எதையும் எழுதுமுன் அது யார் பொறுப்பு என்று சரிபார்த்துவிடுங்கள். போலீஸ் மத்திய அரசு. மாகாணத்துக்குக் கண்காணிப்பு மட்டும். மின்வெட்டு எஸ்காம் (தேசிய மின் நிறுவனம்) அல்லது மாநகராட்சி. என்3 நெடுஞ்சாலை சான்ரால் (தேசியச் சாலை நிறுவனம்). ஆர்.கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை, அரசுப் பள்ளிகள், ஆம்புலன்ஸ், மாகாணச் சாலைகள், மதுக்கடை உரிமம் எல்லாம் மாகாணம். சுகாதாரமும் கல்வியும்தான் பட்ஜெட்டின் பெரும்பகுதியை விழுங்குகின்றன. அடி விழ வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டாவதற்கு வருகிறேன். விதிமீறிய செலவு என்பது டெண்டர் விதியோ கொள்முதல் விதியோ மீறப்பட்ட செலவு. மூன்று விலைப்புள்ளி வாங்காமல் மருந்து வாங்கினாலும் அதில் சேரும். மருந்து வந்திருக்கும், நோயாளிக்கும் போயிருக்கும். திருட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பணம் கொடுத்துப் பலனே இல்லை என்றால் அது வீண் செலவு, தனித் தலைப்பு. சட்டமன்றம் ஒதுக்கியதற்கு மேல் செலவழித்தால் அது இன்னொன்று. மூன்றையும் கூட்டி "ஊழல்" என்று எழுதுகிற பழக்கம் எல்லாக் கட்சிக்காரனுக்கும் உண்டு, உங்கள் ஆட்கள் உட்பட.

இதைவிட மோசமான தப்பு, இறுதி இருப்பை இந்த ஆண்டுச் செலவாக எடுத்துக்கொள்வது. மன்னிக்கப்படாத, வசூலிக்கப்படாத பழைய தொகை ஆண்டுக்கு ஆண்டு தொங்கிக்கொண்டே வரும். பத்து வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தமும் அதற்குள் கிடக்கும். ஆண்டறிக்கையில் அந்த அட்டவணையை விரலால் வரி வரியாகப் படியுங்கள்: தொடக்க இருப்பு, இந்த ஆண்டில் சேர்ந்தது, முந்தைய ஆண்டுக்குரியது இந்த ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது, கழிக்கப்பட்டது, இறுதி இருப்பு. உங்கள் தலைப்புக்கு உரியது இரண்டாவது வரி மட்டுமே. அது சின்னதாக இருந்தால் தலைப்பை மாற்றுங்கள், வரியை மாற்றாதீர்கள்.

ஆடிட்டர் ஜெனரல் தந்த 'க்ளீன் ஆடிட்' பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆளும் தரப்பு அதைத்தான் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வரும். கணக்கு நேர், செயல்திறன் அறிக்கை நேர், சட்ட மீறல் இல்லை என்பதுதான் அதன் பொருள். வார்டில் படுக்கை இருக்கிறதா என்று ஆடிட்டர் எண்ணுவதில்லை. துறை தனக்குத்தானே வைத்த இலக்கு தாழ்வாக இருந்தால், அந்தத் தாழ்ந்த இலக்கை எட்டியும் க்ளீன் வாங்கலாம். அதனால் ஆண்டறிக்கையை மட்டும் பார்க்காமல் முந்தைய ஆண்டின் செயல்திட்டத்தையும் பக்கத்தில் விரித்து, இலக்கு எப்போது குறைக்கப்பட்டது என்று பாருங்கள். அங்கேதான் சுவாரசியமான விஷயங்கள் கிடைக்கும்.

மெரிபேங்க்_மீனா:

நாலாவது புகாருக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் ஏ.என்.சி. பக்கம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

மாகாண அவையில் 80 இடம். கட்சிவாரியாக எம்.கே. 37, ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, ஈ.எஃப்.எஃப். 2, என்.எஃப்.பி. 1. பாதிக்கு மேல் என்றால் 41. எம்.கே.வும் ஈ.எஃப்.எஃப்.பும் சேர்ந்தால் 39. மற்ற நான்கும் சேர்ந்தால் 41. திருட்டு எங்கே வந்தது தம்பி? 45.35% பெரிய வாக்கு, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பான்மை அல்ல. விகிதாசார முறையில் முதலிடம் வந்த கட்சிக்கு முதல் வாய்ப்பு என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

உங்களுக்கு உதவுகிற வாதம் வேறொன்று இருக்கிறது, அதை ஏன் விட்டீர்கள்? ஒரே ஒரு இடத்தில் தொங்கும் அரசு இது. பிரிமியரைத் தேர்ந்தெடுக்கப் போடப்பட்ட வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். இறக்க வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் 141-ஆம் பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 41, வேண்டும். வராதவரும் வாக்களிக்காதவரும் ஆளுங்கட்சிக்குச் சாதகம். ஆகவே "நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது" என்பதும் "அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு பட்ஜெட் வாக்கெடுப்பிலும் யார் வந்தார், யார் வரவில்லை என்று அவைக்குறிப்பிலிருந்து எடுத்து எழுதுங்கள். எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சட்டத்துக்கு உட்பட்ட அடி.

சாட்ஸ்வர்த்_கூட்டணிக்காரன்:

மீனா அக்கா சொன்னதில் ஒரு சேர்க்கை. 2024 ஜூனில் பங்கு பிரித்தபோது பிரிமியர் பதவி ஐ.எஃப்.பி.யின் தாமி என்டூலிக்கு, நிதி டி.ஏ.வின் ஃபிரான்ஸ்வா ராஜர்ஸுக்கு, சுகாதாரமும் கல்வியும் ஏ.என்.சி.க்கு. பணப்பெட்டி ஒருவர் கையில், செலவுக்கை இன்னொருவருடையது. எதிர்த்து எழுதுகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன? ஆனால் "நிதி அமைச்சர் வெட்டினார்" என்று எழுதுமுன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மாகாண வருவாயில் 95 சதவீதத்துக்கு மேல் மத்தியிலிருந்து வருவது. சொந்த வருமானம் வாகன உரிமக் கட்டணம், சூதாட்ட வரி, மருத்துவமனைக் கட்டணம் என்று ஒட்டியும் ஒட்டாமலும்தான். மத்தியப் பங்கை மாகாணங்களுக்குப் பிரிக்கும் சூத்திரம் கல்வி 48%, சுகாதாரம் 27%, மக்கள்தொகை 16%, நிறுவனச் செலவு 5%, வறுமை 3%, பொருளாதாரம் 1%. ஆனால் சூத்திரத்தின் கல்விப் பங்கு வந்தது என்பதற்காகக் கல்விக்கே செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிரிப்பது மாகாணச் சட்டமன்றம். "மத்தியிலிருந்து வந்த கல்விப் பணத்தைத் திருப்பிவிட்டார்கள்" என்று சிலர் எழுதுவது அந்தப் பங்கைப் பொறுத்தவரை அபத்தம். குறிப்பிட்ட வேலைக்கென்றே வரும் நிபந்தனை மானியத்தைத் திருப்பியிருந்தால் மட்டும் அது குற்றச்சாட்டு.

இப்போது உங்கள் மூன்றாவது. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒன்பது பத்தி (நெடுவரிசை) இருக்கும்: முடிந்த மூன்று ஆண்டு, நடப்பு ஆண்டுக்கு மூன்று (முதல் ஒதுக்கீடு, நவம்பர் வாக்கில் திருத்திய ஒதுக்கீடு, எதிர்பார்க்கும் செலவு), வரப்போகும் மூன்று ஆண்டு. முதலில் 100 ராண்ட் ஒதுக்கி, திருத்தத்தில் 106 ஆக்கி, அடுத்த ஆண்டுக்கு 105 போட்டார்கள் என்று வையுங்கள். அமைச்சர் 100-ஐக் காட்டி 5% உயர்வு என்பார். நீங்கள் 106-ஐக் காட்டி வெட்டு என்பீர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை! எந்தப் பத்தியோடு எந்தப் பத்தியை ஒப்பிட்டீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் உங்களை யாரும் அசைக்க முடியாது.

சம்பளத்தையும் மறக்காதீர்கள். ஊதிய ஒப்பந்தம் மத்தியில் முடிவாகிறது, 2025-26க்கு 5.5%. செலவில் பாதிக்கு மேல் சம்பளம். துறையின் மொத்தம் 4% உயர்ந்து சம்பளம் 5.5% உயர்ந்தால், ஆட்களைக் குறைக்காதவரை நெருக்கடி மருந்து, உணவு, பராமரிப்புச் செலவுகளில் இறங்கும். அந்தச் செலவுகள் தனியாக அச்சாகின்றன.

(எதிர்க்கட்சிக்காரருக்கு இத்தனை சொல்லிக்கொடுக்கிறேனே என்று என் ஆட்கள் திட்டுவார்கள்.)

கணக்குப்பிள்ளை:

கூட்டணிக்காரர் விட்ட ஒன்று. மாகாணத் துறைகள் கணக்கு எழுதுவது பணம் கைமாறும்போதுதான். மார்ச் 31-க்குள் பில் வந்தும் பணம் கொடுக்கவில்லை என்றால் அது அந்த ஆண்டுச் செலவில் ஏறாது. ஒதுக்கீட்டுக்குள் முடித்துவிட்டதாகப் பெருமை பேசும் துறை, பில்களைக் கட்டிவைத்து ஏப்ரலுக்குத் தள்ளியிருக்கலாம். நிதி அறிக்கையின் பின்குறிப்புகளில் கொடுபடாத பில்களுக்கு ஓர் அட்டவணை உண்டு, 30 நாளுக்கு உட்பட்டவை, தாண்டியவை என்று இரண்டாகப் பிரித்து. 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது கருவூல விதி. இரண்டாவது எண் ஆண்டுக்கு ஆண்டு வீங்கினால் உங்கள் "வெட்டு" கட்டுரைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதே பின்குறிப்புகளில் மருத்துவத் தவறு வழக்குகள் பற்றிய பெரிய தொகை ஒன்றும் இருக்கும். அது கேட்கப்பட்ட தொகை, கொடுத்த தொகை அல்ல. அதை "அரசு கட்டிய நஷ்டஈடு" என்று எழுதுவது வழக்கமாக நடக்கும் கூத்து.

ஆண்டறிக்கை செப்டம்பர் 30-க்குள் அவையில் வைக்கப்பட வேண்டும். அதற்கு முன் வரும் கசிவு எண்களைத் தொடாதீர்கள், தணிக்கையில் மாறும்.

வெருலம்வாசி:

நன்றி, அக்கா, அண்ணன்மாரே. முதலும் நாலும் போயிற்று. இரண்டும் மூன்றும் உருமாறி நிற்கின்றன. இரண்டு சந்தேகம். ஒரு டெண்டர் கோப்பைக் கேட்டு வாங்குவது எப்படி? "திருடினார்" என்ற சொல்லை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்?

பைனைல்_சட்டம்:

கோப்பு: 2000-ஆம் ஆண்டு தகவல் பெறும் சட்டம், படிவம் 2, துறையின் தகவல் அதிகாரிக்கு. "டெண்டர் சம்பந்தமான எல்லாம்" என்று கேட்டால் 'அளவு மீறியது' என்று திருப்பிவிட வசதியாகப் போகும். டெண்டர் எண், மதிப்பீட்டுக் குழு அறிக்கை, தீர்ப்புக் குழுவின் கூட்டக்குறிப்பு, ஒப்பளிப்புக் கடிதம், பணம் கொடுத்த பட்டியல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாள் கெடு. இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பதிலே வராவிட்டால் சட்டப்படி மறுத்ததாகக் கணக்கு, காத்திருக்கத் தேவையில்லை. 60 நாளுக்குள் படிவம் 4-இல் உள்முறையீடு. அதுவும் தோற்றால் 180 நாளுக்குள் தகவல் ஒழுங்காளரிடம் படிவம் 5. உள்முறையீட்டைத் தாண்டி நேரே ஒழுங்காளரிடம் ஓடுபவர்களின் புகார் திரும்பி வருகிறது. உங்கள் கட்சிக்குத்தான் அவையில் உறுப்பினர்கள் இருக்கிறார்களே, எழுத்துமூலக் கேள்வி போடச் சொல்லுங்கள். அமைச்சர் கையெழுத்திட்ட பதில் அதிகாரபூர்வ ஆவணம், பெரும்பாலும் இதைவிடச் சீக்கிரம் கிடைக்கும்.

"திருடினார்": 2014 மார்ச்சில் டி.ஏ. கௌட்டெங் மாகாணத்தில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியது. 246 மில்லியன் ராண்ட் வீடு கட்ட (அப்போதைய அதிபர்) ஸூமா உங்கள் பணத்தை எப்படித் திருடினார் என்பதை (அந்த வீட்டுச் செலவை விசாரித்த) இன்காண்ட்லா அறிக்கை காட்டுகிறது என்பது சாரம். தேர்தல் நீதிமன்றம் டி.ஏ.வுக்கு எதிராகச் சொன்னது. 2015 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர் சொல்லி ஒரு பொது அறிக்கையைக் காட்டி, அதற்குத் தான் கொண்ட பொருளைச் சொன்னதாக அது கருதப்பட்டது. அந்த அறிக்கையின் பெயரை எடுத்துவிட்டு வெறும் "திருடினார்" என்று அனுப்பியிருந்தால் கதையே வேறு. உங்களுக்கும் அளவுகோல் அதுதான்: உண்மையான ஆதாரத்தை முதலில் வையுங்கள், பிறகு கருத்தைச் சொல்லுங்கள், வாசகர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2011 மெக்பிரைட் தீர்ப்பின்படி கருத்து கடுமையாகவோ ஒருதலையாகவோ இருக்கலாம். அடிப்படை உண்மை பொய்யானால் பாதுகாப்பு போயிற்று.

எஸ்.எம்.எஸ். வழக்கு தேர்தல் சட்டத்தைப் பற்றியது என்பதை மறக்காதீர்கள். அவதூறு வழக்கு தனி. முன்னாள் நிதி அமைச்சர் ட்ரெவர் மேனுவல் வழக்கில் ஈ.எஃப்.எஃப். போட்ட ஒரு ட்வீட்டுக்கு 2019-இல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ராண்ட் விதித்தது. 2020-இல் மேல்முறையீட்டில் தொகை மறுவிசாரணைக்குப் போனாலும் அவதூறு என்ற தீர்ப்பு நின்றது. உள்ளாட்சித் தேர்தலுக்கு 2000-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அதன் நடத்தை விதியும் போட்டிக் கட்சி மேலும் வேட்பாளர் மேலும் பொய்யான அல்லது அவதூறான குற்றச்சாட்டு வெளியிடுவதைத் தடுக்கிறது.

டெண்டர் கோப்பை வெளியிடும்போது அடையாள எண், கைபேசி, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மறையுங்கள். பி.டி.எஃப். மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் மட்டும் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், யாரும் நகலெடுத்து ஒட்டிப் படித்துவிடலாம். அச்சடித்து, மையால் அடித்து, திரும்ப ஸ்கேன் செய்யுங்கள்.