காலமை ஸ்டார்ட் பண்ணேக்க ‘ஙொய்ங்’ எண்டு சத்தம்: ஓல்டனேட்டரா, வேற ஏதாவதா?

வெள்ளவத்தை_98:
1998 ஜப்பான் செடான், 1500 சிசி பெற்றோல், ஓட்டோ கியர், ஹைட்ரோலிக் பவர் ஸ்டியரிங். காலமை முதல் ஸ்டார்ட்டில எஞ்சின் பிடிச்ச உடனே ‘ஙொய்ங்…’ எண்டு ஒரு இழுவை. அக்ஸிலேட்டர் மிதிச்சா சத்தமும் மேல ஏறுது. ரெண்டு மூண்டு நிமிசத்தில குறையுது, ஆனா முழுசா நிக்கேல்ல. மத்தியானத்தில அவ்வளவா இல்லை. கராஜில, பெட்டரியைச் சார்ஜ் பண்ணுற ஓல்டனேட்டரை மாத்தச் சொல்லுகினம். பழைய சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்டு எடுக்க முதல் இங்க கேக்கிறன்.

பழைய_ஸ்பானர்:
பொறுங்கோ, காசைக் குடுத்திடாதேங்கோ. சத்தம் எப்ப வருது எண்டதிலயே பாதி விடை இருக்கு.

திறப்பைத் திருப்பிப் பிடிச்சிருக்கேக்க மட்டும் கத்தினா அது எஞ்சினைச் சுத்தி விடுற ஸ்டார்ட்டர் மோட்டர். எஞ்சின் சுத்தாமல் மோட்டர் மட்டும் வீரிட்டா அதின்ர சின்னப் பல்லுச் சில்லு (பினியன்) எஞ்சினின்ர பிளைவீலில கொளுவேல்ல, இல்லாட்டி பினியனைச் சுத்துற பென்டிக்ஸ் கிளச் வழுக்குது. திறப்பை விட்ட பிறகும் ஒண்டு ரெண்டு செக்கன் இழுத்தா பினியன் திரும்பி வரேல்ல. அதை அப்பிடியே விட்டா பிளைவீலைச் சுத்தியிருக்கிற ரிங் கியரின்ர பல்லைத் தின்னும், பிறகு கியர்பொக்ஸை இறக்கித்தான் வேலை. ரிடக்‌ஷன் டைப் ஸ்டார்ட்டருக்கு இயல்பாவே கீச்சுக் குரல், அதுக்குப் பயப்பிட வேண்டாம்.

உங்கட சத்தம் எஞ்சின் வேகத்தோட ஏறி இறங்குது. அப்ப ஸ்டார்ட்டர் இல்லை. பெற்றோல் பம்பும் இல்லை, அது எண்டா பின்பக்கம் ஒரே சுருதியில கேக்கும். மிச்சம் ஓல்டனேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் மாதிரி பெல்ட்டில ஓடுற சாமான்கள்தான்.

கறுத்தக்கை:
முதல்ல பெல்ட். அக்ஸிலேட்டர் மிதிக்காம எஞ்சின் ஐட்லிங்ல ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கத்துக்கு ஸ்ப்ரே போத்தலால கொஞ்சம் தண்ணி அடிங்க. கை, சட்டைக் கை எதுவும் கிட்டப் போகக்கூடாது. சத்தம் கூடினா பெல்ட் லூஸ். நின்று, கொஞ்சத்தில திரும்ப வந்தா பெல்ட் ஓடுற சில்லு (புல்லி) நேர்க்கோட்டில இல்ல. ஒரு மாற்றமும் இல்லன்னா பேரிங் அல்லது பம்ப். நீளமான இடைவெளியின் நடுவுல பெருவிரலால அழுத்தினா 10 மில்லிமீட்டர் அளவு தாழணும். சத்தம் அடங்கட்டும்னு இறுக்கிக் கட்டினா ஓல்டனேட்டர் பேரிங்குக்குக் கேடு. பெல்ட் ட்ரெஸிங் அடிக்கவே அடிக்காதீங்க. ரெண்டு நாள் அமைதி, பிறகு தூசு அப்பிக்கிட்டு இன்னும் மோசமாகும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஸ்டார்ட் பண்ண முன் பெட்டரியில 12.6 வோல்ட் கிட்ட, ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை இருக்கணும். அப்படியே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்துங்க, 0.5க்கு மேல காட்டினா ஓல்டனேட்டருக்குள்ள இருக்கிற டையோட் போச்சு. வோல்ட் சரின்னா பேரிங்கும் சரின்னு அர்த்தமில்ல. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓல்டனேட்டர் உடம்பில வச்சுப் பிடியைக் காதோட சேர்த்துக் கேளுங்க. பேரிங் போயிருந்தா மணல் அரைக்கிற மாதிரி இருக்கும். அப்பவும் பேரிங்கை மட்டும் மாத்தலாம், நம்பர் அதிலேயே பொறிச்சிருக்கும்.

வெள்ளவத்தை_98:
தண்ணிக்கு ஒரு மாற்றமும் இல்லை. 12.5, ஓடேக்க 14.2, ஏசியில 0.04. ஸ்க்ரூடிரைவரில ஓல்டனேட்டர் சுத்தமாக் கேக்குது, பவர் ஸ்டியரிங் பம்பில வைச்சாத்தான் காது கிழியுது. நிண்ட இடத்தில ஸ்டியரிங்கைத் திருப்பினா இன்னும் கூடுது. பவர் ஸ்டியரிங் ஓயில் டாங்கின்ர மூடியைத் திறந்தா ஓயில் மினிமம் கோட்டுக்குக் கீழ, கடும் மண்ணிறம், மேல கோப்பி நுரை மாதிரி.

பழைய_ஸ்பானர்:
நுரை எண்டா ஓயிலுக்குள்ள காத்து. காலமை ஓயில் தடிப்பு, பம்ப் இழுக்கக் கஷ்டப்படும், அதுதான் முதல் ஸ்டார்ட்டில கத்துது. வெறுமனே ஊத்தி நிரப்பினா ஒரு கிழமைக்குத்தான் காணும்.

டாங்கில இருந்து பம்புக்குப் போற தடிச்ச ஹோஸைப் பாருங்கோ. அந்தப் பக்கம் உறிஞ்சுற பக்கம், அதால வெளியில ஒரு சொட்டும் ஒழுகாமல் காத்தை மட்டும் இழுக்கும். றப்பர் கல்லு மாதிரி இறுகியிருந்தா ஹோஸ், கிளிப் ரெண்டையும், பம்ப் வாயில இருக்கிற ஓ ரிங்கையும் மாத்துங்கோ. டாங்கின்ர அடியில வலை இருந்தா கழுவுங்கோ, அது அடைச்சாலும் இதே சத்தம்தான்.

பழைய ஓயிலை ரிட்டர்ன் பைப் வழியா ஒரு போத்தலுக்குள்ள இறக்குங்கோ. புதுசு 1 லீற்றர் வாங்கினா அநேகமாப் போதும். டாங்க் மூடியில டெக்ஸ்ரோன் எண்டு இருந்தா ஏடிஎஃப், அதாவது ஓட்டோ கியருக்கு ஊத்துற ஓயில். ஹொண்டா எண்டா அதின்ர சொந்த ஓயில் மட்டும்தான்.

காத்து எடுக்கிறது: முன் சில்லு ரெண்டையும் ஜக்கில தூக்கி, ஸ்டாண்ட் வைச்சு, எஞ்சின் ஓவ். ஸ்டியரிங்கை ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தத்துக்கு ஆறுதலா 15, 20 தரம் திருப்புங்கோ. குமிழி வரவர, மட்டம் இறங்க இறங்க ஊத்துங்கோ. குமிழி நிண்ட பிறகு எஞ்சினைப் போட்டு இன்னும் அஞ்சாறு தரம். கடைசி அந்தத்தில 5 செக்கனுக்கு மேல பிடிக்கக்கூடாது, பம்ப் சூடாகிக் கருகும்.

கறுத்தக்கை:
இவ்வளவும் செஞ்சும் கத்தினா பம்புக்குள்ள ஓயிலைத் தள்ளுற தகடுகள் (வேன்) தேய்ஞ்சிருக்கு, அப்ப ரீகண்டிஷன் பம்ப் தேடலாம். அதுக்கு முன்னாடி முன் சில்லுகளைத் திருப்புற ஸ்டியரிங் ரெக்கின் ரெண்டு பக்க றப்பர் உறையையும் (பூட்) கையால பிதுக்கிப் பாருங்க. உள்ளுக்கு ஓயில் தளும்பினா ரெக் சீல் போயிருக்கு, ஓயில் குறைஞ்சது அந்த வழியாத்தான்.