நேச்சுரல் கேஸ் சீசனல் சார்ட் இரண்டு விதமாகக் காட்டுகிறது, எதை நம்புவது?

கேஸ்_புதுசு: அவசரம். சீசனல் சார்ட் (பல வருட விலையை மாதவாரியாகச் சராசரி எடுத்த படம்) போட்டால் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை கோடு நன்றாக ஏறுகிறது. ஜனவரி கான்ட்ராக்டை மட்டும் எடுத்து அதே மாதங்களுக்குப் போட்டால் ஏற்றமே இல்லை, சில வருடம் இறங்கியே இருக்கிறது. டேட்டா தப்பா? ஏறும் என்று வாங்கி லாங் போகலாமா?

நெல்லைக்காரன்: இந்தியாவின் எம்சிஎக்ஸ் சந்தையா, அமெரிக்காவின் நைமெக்ஸா? எத்தனை வருட சராசரி? முதல் சார்ட் கன்டின்யூவஸா, அதாவது ஒரு கான்ட்ராக்ட் முடிந்ததும் அடுத்ததை ஒட்டிப் போடுவதா?

ரூபாய்_ரவுண்டு: எம்சிஎக்ஸ் என்றால் டாலர் ரேட்தான் காரணம். ரூபாய் விழ விழ சார்ட் ஏறத்தான் செய்யும்.

நெல்லைக்காரன்: @ரூபாய்_ரவுண்டு ஜனவரி கான்ட்ராக்டுக்கும் அதே ரூபாய்தானே? அது ஏன் ஏறவில்லை?

பழைய_கை: மாதம் ஒருமுறை இதே கேள்வி. ரோல்ஓவர் (முடியும் கான்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்கு மாறுவது) தெரியாதவர்கள் கேஸ் பக்கமே வரக் கூடாது. போய் ஒரு வருடம் பேப்பரில் டிரேட் பண்ணிப் பழகுங்கள்.

கேஸ்_புதுசு: எம்சிஎக்ஸ், 5 வருடம். கன்டின்யூவஸ்தான், செட்டிங் எதையும் மாற்றவில்லை.

ஸ்ப்ரெட்_சித்ரா: டேட்டா சரிதான் தம்பி. நைமெக்ஸில் நவம்பர் கான்ட்ராக்ட் அக்டோபர் கடைசியில் முடிந்ததும் கன்டின்யூவஸ் சார்ட் டிசம்பருக்குத் தாவும், அப்புறம் ஜனவரிக்கு. அமெரிக்காவில் வீடுகளைச் சூடாக்கும் மாதங்கள் என்பதால் வழக்கமாக ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூடுதலாக இருக்கும், தாவும்போதெல்லாம் கோடு ஒரு படி ஏறும். அந்தப் படி யார் பைக்கும் வராது, ஏனென்றால் நவம்பரை விற்றுவிட்டு டிசம்பரைக் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்குவீர்கள். ஜனவரி கான்ட்ராக்டிலோ குளிர்காலம் கோடையிலேயே விலைக்குள் வந்துவிட்டது.

தலைகீழாகவும் நடக்கும். 2022 ஜனவரி 27 அன்று பிப்ரவரி கான்ட்ராக்ட் எக்ஸ்பைரி (முடியும்) நாளிலேயே பாய்ந்து 6.265 டாலரில் முடிந்தது, அன்றைக்கு மார்ச் 4 டாலர் சில்லறையில்தான் இருந்தது. சரிசெய்யாத சார்ட்டில் அடுத்த நாள் பயங்கர வீழ்ச்சி தெரியும், ஆனால் மார்ச் வைத்திருந்தவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒவ்வொரு வருடத்து ஜனவரி கான்ட்ராக்டையும் எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள் பாக்கி என்ற கணக்கில் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தொடக்க விலையை 100 ஆக்கிப் பாருங்கள். சராசரி வேண்டாம், மீடியன் (நடு மதிப்பு) போடுங்கள். 2022 ஆகஸ்டில் விலை 9 டாலரைத் தாண்டியது, 5 வருடச் சராசரியை அந்த ஒரு வருடமே இழுத்துவிடும்.

நெல்லைக்காரன்: பேக் அட்ஜஸ்ட் பண்ணினால், அதாவது படி தெரியாதபடி பழைய விலைகளை மாற்றினால் போதாதா?

ஸ்ப்ரெட்_சித்ரா: வித்தியாசத்தைக் கூட்டிச் சரிசெய்தால் கேஸில் பழைய விலைகள் ஊதிப்போய் சதவீதமெல்லாம் சுருங்கிவிடும். விகித முறை என்றால் சரி.

பழைய_கை: இவ்வளவும் வீண் வேலை. கேஸில் வானிலையும் வியாழக்கிழமை வரும் அமெரிக்க ஸ்டோரேஜ் (கேஸ் கையிருப்பு) ரிப்போர்ட்டும்தான் பேசும். மார்ச்-ஏப்ரல் ஸ்ப்ரெட்டை (இரண்டு கான்ட்ராக்டுகளின் விலை வித்தியாசத்தை) நம்பித்தான் 2006இல் அமராந்த் ஃபண்ட் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது.

ஸ்ப்ரெட்_சித்ரா: அமராந்த் விழுந்தது பொசிஷனின் அளவால், சார்ட்டால் அல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை ஸ்டோரேஜிலிருந்து எடுப்பார்கள், ஏப்ரலிலிருந்து நிரப்புவார்கள். அந்த ஸ்ப்ரெட் மார்ச் முடிவதற்குள் கேஸ் பற்றாக்குறை வருமா என்ற பயத்தின் விலை, அதை வருடவாரியாக ஒப்பிடுவது எப்படி வீணாகும்?

பழைய_கை: கூடுதல் பணம் கட்டச் சொல்லி மார்ஜின் கால் வரும்போது தெரியும்.

ரூபாய்_ரவுண்டு: டாலர் ரேட்டையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன்.

கேஸ்_புதுசு: அக்கா சொன்னபடி போட்டுப் பார்த்தேன், படியெல்லாம் காணோம். லாங் எடுக்கவில்லை. நன்றி.